ரொக்கத்துக்கு அடக்கம் கிடையாது

ஒரு கம்பெனியின் சொத்துப் பட்டியலில், பழைய வேனுக்கும் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கும் நடுவில், என் பெயரையும் ஒரு சொத்தாக எழுதி அதற்கு எதிரே ஒரு தொகையையும் போட்டவன் நான். கைதவறி நடந்த காரியமில்லை. முதலில் ஒரு தொகை எழுதினேன். அது கொஞ்சம் குறைவாகப் பட்டது. அடித்துவிட்டு ஏற்றி எழுதினேன். ஏற்றிய பிறகு அது என் நண்பனின் கடைசல் மிஷின் விலையைத் தாண்டிவிட்டது. கடைசல் மிஷினாவது சுவிட்சைப் போட்டால் ஓடும்.

என் பெயர் அப்படி என்ன பெயர் என்று கேட்டால், வாரப் பத்திரிகைகளில் சிரிப்புக் கட்டுரை எழுதுகிறவனின் பெயர். காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் என்னை நிறுத்தி "நீங்கதான அது?" என்று கேட்டவர்கள் உண்டு. அதில் பாதிப் பேர் என்னை என் தம்பி என்று நினைத்துக் கேட்டவர்கள். அவன் மின்சார இணைப்புக் கொடுக்கும் வேலையில் இருக்கிறான். அவன் பெயருக்குத்தான் உண்மையில் ஊருக்குள் மதிப்பு.

நண்பனும் நானும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். நான் பி.காம். படித்துவிட்டு, அதை எங்கும் பயன்படுத்தாமல், வெளியூரில் ஒரு நிறுவனத்தில் சோப்புக்கும் ஊறுகாய்க்கும் விளம்பர வாசகம் எழுதிக்கொண்டிருந்தேன். வேலையை விட்டபோது கையில் கொஞ்சம் பணம் கொடுத்து அனுப்பினார்கள். ஊர் திரும்பினேன். அவன் தச்சு வேலைக் குடும்பம். பத்தாம் வகுப்போடு பள்ளத்தூர் சாலையில் அப்பாவின் பட்டறைக்குப் போனவன், இப்போது அதைத் தானே நடத்துகிறான். கட்டில், மேஜை, நிலைக்கதவு. தொழில் ஓகோவென்று நடக்கிறது. அவனைப் பற்றி யாரும் கண்ணீர் விட வேண்டிய அவசியமே இல்லை.

அப்படியிருக்கையில் பழைய வீடுகளை வாங்கி ஹோட்டலாக மாற்றும் ஒரு நிறுவனத்தார் வந்து பட்டறையைப் பார்த்தார்கள். மூன்று ஹோட்டல்களுக்கு எல்லா மேஜை நாற்காலியும் நீங்களே செய்யுங்கள் என்றார்கள். ஆனால் தனி ஆளிடம் ஆர்டர் கொடுக்க மாட்டோம், கம்பெனியாக இருக்க வேண்டும் என்றார்கள். அவனிடம் ரொக்கம் கிடையாது. சம்பாதித்ததையெல்லாம் மிஷினாகவும் மரமாகவும் வாங்கிப் போட்டிருந்தான். என்னிடம் ரொக்கம் இருந்தது, செய்வதற்கு வேலை இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பிரைவேட் லிமிடெட் ஆரம்பித்தோம். ஆளுக்கு ஒரு சின்னத் தொகை போட்டுப் பதிவு செய்தாயிற்று. அடுத்து பெரிய அளவில் பங்குகள் பிரிக்க வேண்டும். அவன் பட்டறையைக் கம்பெனிக்குக் கொடுப்பான். நான் ரொக்கமும் ஒரு பழைய வேனும் கொடுப்பேன். அதற்கு ஈடாக இருவருக்கும் பங்கு.

ரொக்கம் போடுகிறவன் பாடு சுலபம். பணத்தைக் கட்டினால் பத்து ரூபாய்க்கு ஒரு பங்கு என்று எண்ணிக் கொடுத்துவிடலாம். பொருள் கொடுக்கிறவன் விஷயத்தில்தான் சிக்கல். கடைசல் மிஷினுக்கு எத்தனை பங்கு? அதன் முதுகில் விலை எழுதியிருக்காது. யாராவது சொல்லியாக வேண்டும். நூறு ரூபாய் நோட்டு என்றைக்காவது "நான் என்னங்க, ஏதோ ஒரு அம்பது ரூபா" என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறதா? ரொக்கத்துக்கு அடக்கம் கிடையாது. பொருளின் சொந்தக்காரனுக்கு உண்டு. எங்கள் பக்கத்துச் சொந்தக்காரனுக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

எங்கள் பக்கத்தில் எவரும் தன் பொருளைத் தானே ஏற்றிச் சொல்ல மாட்டார். கல்யாணத்துக்கு அழைக்க வருகிறவர் "ஏதோ கஞ்சி காய்ச்சி ஊத்துறோம், வந்துட்டுப் போங்க" என்பார். போனால் இலையில் கை வைக்க இடமிருக்காது. மூன்று மாடி கட்டியவர் "நாலு செவுத்த எழுப்பி வச்சிருக்கேன்" என்பார். கேட்கிறவருக்கும் இதில் கடமை உண்டு. உடனே "சும்மா இருங்க, ஊரே பேசுது" என்று ஏற்ற வேண்டும். அவர் மறுபடி இறக்குவார், இவர் மறுபடி ஏற்றுவார். இரண்டு மூன்று சுற்றில் சரியான மதிப்பு எங்கேயோ நடுவில் வந்து உட்கார்ந்துவிடும். இந்த முறையில் நிலம் கைமாறியிருக்கிறது, சம்பந்தம் முடிந்திருக்கிறது. நானும் இதில் வளர்ந்தவன்தான். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை கையில் பேனாவும் அட்டையும் இருந்தன. தலைக்குள் பி.காம். இருந்தது. மற்றது மறந்துபோனது.

"ஒண்ணொண்ணா சொல்லுடா, எழுதிக்கிறேன்" என்றேன். பட்டறைக்கு அன்று விடுமுறை. மரத்தூள் வாசனையோடு இருவரும் மிஷின் மிஷினாக நடந்தோம்.

"கடைசல் மிஷின் என்னடா போகும்?"

"அது கெடக்கு, எங்கப்பா காலத்து இரும்பு. எடைக்குப் போட்டா என்ன வருமோ அதைப் போட்டுக்க."

எடைக்குப் போட்டால் என்ன வரும்? எனக்குத் தெரியாது. ஆகவே செல்போனை எடுத்துப் பழைய இரும்புக் கடைக்காரரிடம் கேட்டேன். அவன் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே கேட்டேன். அவர் சொன்னதை எழுதிக்கொண்டேன்.

"இழைக்கிற பிளேனர்?"

"ஓடுற வரைக்கும் ஓடும்டா."

ஆயுள் நிச்சயமில்லை என்று புரிந்துகொண்டு பாதியாக்கினேன்.

கொட்டகையின் ஓரத்தில், தார்ப்பாய் போர்த்தி, ஆள் உயரத்துக்கு மரம் அடுக்கியிருந்தான். எல்லாம் பர்மாத் தேக்கு. பழைய வீடுகள் பிரிக்கும் இடத்துக்கெல்லாம் போய், கையிலிருந்த காசையெல்லாம் கொடுத்து, பல வருஷமாகச் சேர்த்த உத்தரங்களும் சட்டங்களும். ஒரு தடவை ஒக்கூரிலிருந்து மரம் ஏற்றி வர நானே கூடப் போயிருக்கிறேன். மழையில் ஒரு உத்தரத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குத் தெரியாத மரமில்லை.

"இது?" என்றேன்.

"அடுப்புக்கு ஆகும்" என்றான் சிரித்துக்கொண்டே. சிரித்தபடியே என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

விறகு என்று எழுதவில்லை. அவ்வளவு மட்டமான ஆளில்லை நான். "பழைய மரம், பலவகை" என்று எழுதி, ஒரு தொகை போட்டேன். அவன் எட்டிப் பார்த்தான்.

"பலவகையா?"

"சுருக்கமா எழுதணும்டா."

"எழுது, எழுது."

அதன் பிறகு என் பக்கத்தை எழுதினேன். ரொக்கம், வேன், என் பெயர், நாற்காலிகள். எதையும் இறக்கவில்லை. வியாபாரத்தில் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன்.

"வேனுக்குக் கீழ அது என்னடா?"

"நன்மதிப்பு. கம்பெனிக் கணக்குல உண்டு."

"ஓ" என்றான்.

கூட்டிப் பார்த்தால் நூற்றுக்கு எழுபது எனக்கு வந்தது, முப்பது அவனுக்கு. "பாத்தியா, உக்காந்தா ஒரு மணி நேர வேலை" என்றேன். அவன் தோளில் கிடந்த துண்டை உதறி, "நீங்க எழுதுனா சரியாத்தான் இருக்கும்" என்றான்.

இத்தனை வருஷத்தில் அவன் என்னை 'நீங்க' என்றது அதுதான் முதல் தடவை. டைரக்டர் ஆனதற்கு மரியாதை கொடுக்கிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சந்தோஷமாகவும் இருந்தது.

மறுநாள் செக்காலை ரோட்டில் ஆடிட்டரம்மாவின் அலுவலகத்துக்குப் போனோம். பாத்திரக் கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது. கீழே அண்டாக்களைத் தட்டித் தட்டிக் காட்டுகிற சத்தத்துக்கு நடுவில்தான் அங்கே வருமானவரி பேச வேண்டும். அந்த அம்மா பள்ளத்தூர்க்காரர். என்னைவிடப் பத்து வயது இளையவர், ஸ்கூட்டரில் வந்து போகிறவர், சிரிக்காமல் பேசுகிறவர். என் பட்டியலை மேலிருந்து கீழே ஒரு தடவை படித்தார். பிறகு நடுவில் விரலை வைத்தார்.

"சார், இது என்ன?"

"என் பெயர், மேடம்."

"அது தெரியுது. இங்க எதுக்கு வந்துச்சு?"

நன்மதிப்பு என்கிற சொத்தைப் பற்றி, பி.காம். இரண்டாம் ஆண்டுப் பாடத்தில் ஞாபகமிருந்த வரைக்கும் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"இந்தப் பேரை விலைக்குக் கேட்டு யாராவது வந்திருக்காங்களா?"

"நேரடியா இல்ல."

"சுத்தி வளைச்சு?"

"இல்ல."

"அப்ப அதை நீங்களே வச்சுக்கங்க சார். தானா வளத்துக்கிட்ட பேரைக் கணக்குல ஏத்த முடியாது. காசு கொடுத்து வாங்கினதா இருந்தா பாக்கலாம்."

நான் விடவில்லை. "சரி, வருஷம் பூரா கம்பெனிக்கு விளம்பரம் எழுதிக் கொடுக்கிறேன். அதுக்காவது பங்கு…"

"எழுதுங்க. எழுதி முடிச்சதும் அதுக்குண்டான கூலியை வாங்கிக்கங்க. இனிமே செய்யப்போறேன்கிறதை வாங்கி வச்சுக்கிட்டு இன்னைக்கே பங்கு கொடுத்தா, கம்பெனிக்குள்ள என்ன சார் இருக்கும்? நீங்க சொன்ன வார்த்தை மட்டும் இருக்கும்."

கீழே யாரோ ஒரு அண்டாவை ஓங்கித் தட்டினார்கள். வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் என் நண்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். அன்று சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதுவாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஆடிட்டரம்மா மேலே போனார். "மிஷின், மரம், இந்த விலையெல்லாம் யார் போட்டது?"

"அவரே சொன்னது" என்றேன் பெருமையாக.

அவர் என் நண்பனிடம் திரும்பினார். "அண்ணே, நீங்களா சொன்னீக? இந்த விலையவா?"

"சார் கேட்டாக. சொன்னேன். எழுதிக்கிட்டாக."

ஆடிட்டரம்மா பேனாவை மூடி மேஜை மேல் வைத்தார். பள்ளத்தூர்க்காரர் இல்லையா, அவருக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது. எனக்குத்தான் இன்னும் ஒரு யோசனை பாக்கியிருந்தது. அவன் வருமானவரிக் கணக்கில் தேய்மானம் கழித்து மிஷின்களுக்கு ஒரு மதிப்பு எழுதியிருப்பார்களே, அதையே எடுத்துக்கொள்ளலாமே என்றேன். அந்த மதிப்பில் ஒரு நல்ல மிக்ஸிகூட வாங்க முடியாது.

"அது அவரு வாங்கின விலையை வருஷா வருஷம் கழிச்சுக்கிட்டே வந்த மிச்சம் சார். மிஷின் அம்புட்டும் தேஞ்சு போச்சுன்னு அர்த்தமில்ல. கம்பெனிக்கு அது இன்னைக்குத்தான் வருது. இதே நெலமையில இருக்கிற மிஷினை இன்னைக்கு வெளியில வாங்கினா என்ன கொடுப்போமோ, அதுதான் கம்பெனிக் கணக்குல ஏறணும். அதுக்குப் பேரு நியாய மதிப்பு."

"பங்குக்குத்தான் பத்து ரூபாய்னு விலை இருக்கே?"

"அது முகத்துல எழுதியிருக்கிற விலை. நேத்துப் பதிவான கம்பெனி. அதோட பங்கு நெசமா என்ன பெறும்னு உங்களுக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா? ஒரு பக்கம் தெரியலன்னா, தெரியுற பக்கத்துல இருந்து அளக்கணும். மிஷின் கண்ணு முன்னால நிக்குது, மரம் நிக்குது. அதை அளந்து, அதுக்கு ஈடா பங்கு. கூட்டி எழுதினா ரொக்கம் போட்டவரை ஏமாத்துறோம். கொறச்சு எழுதினா…" நிறுத்தி என் நண்பனைப் பார்த்தார். "கொறச்சு எழுதினா பொருள் கொடுத்தவரை ஏமாத்துறோம். அதனாலதான் இதை நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ண முடியாது. பதிவு பண்ணின வேல்யூவர் ஒருத்தர் வந்து பாத்து அறிக்கை கொடுக்கணும்னு சட்டமே இருக்கு."

"அதெல்லாம் எதுக்குங்க வீண் செலவு? சார் எழுதுனதே இருக்கட்டும்" என்றான் நண்பன்.

மாடிப்படி இறங்கும்போது, எப்பேர்ப்பட்ட பெருந்தன்மை என்று மனம் நெகிழ்ந்தேன்.

அன்று சாயங்காலம் அவன் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் உள்ளே புத்தகத்தோடு இருந்தேன். அடுப்படியில் பேச்சு ஆரம்பித்தது. புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அக்கா, அவுக கம்பெனியே வேணாங்கிறாக. மரத்தைப் பழைய சாமான் யாவாரிக்குக் கொடுத்துரலாம்னு பேசிக்கிட்டு இருக்காக."

"ஏன்டி? நல்ல ஆர்டர்னு சொன்னாகளே?"

"அவுக பட்டறையில அவுகளே இனிமே கைகட்டி நிக்கணுமாம்ல. எழுவதுக்கு முப்பதாம். நாளைக்கு ஒரு மிஷினை விக்கிறதுன்னாலும் வாங்குறதுன்னாலும் அண்ணன் சொல்லுதான் செல்லுமாம். அதைக்கூட விட்டுத் தள்ளுங்கக்கா. எடைக்குப் போடுன்னு ஒரு பேச்சுக்குச் சொன்னாக. அண்ணன் நெசமாவே இரும்புக் கடைக்குப் போன் போட்டுட்டாக. ராத்திரி சோறு எறங்கல அவுகளுக்கு."

அவர் போனதும் என் மனைவி வந்து வாசல்படியில் நின்றாள்.

"போன் போட்டீகளா?"

"துல்லியமா இருக்கட்டும்னுதான்…"

"கஞ்சி காய்ச்சியிருக்கோம் வாங்கன்னு கூப்பிட்டா, நீங்க தூக்குவாளியோட போய் நிப்பீக போல."

நான் புத்தகத்தை மூடினேன். அதுவரைக்கும் அவன் கோபமாக இருக்கிறான் என்றே எனக்குத் தெரியாது. அதைவிட மோசம், அவனுக்கு என்ன போகிறது என்றும் தெரியாது. அவன் அப்பாவோடு நின்று பழகிய பட்டறை அது. அதில் என்ன வெட்டுவது, எதை வைப்பது என்று சொல்லும் உரிமையை, ஒரு பேனாவையும் ஒரு நாகரிகமற்ற காதையும் வைத்துக்கொண்டு நான் வாங்கப் பார்த்திருக்கிறேன். மோசடி செய்தவனுக்காவது தான் செய்வது தெரிந்திருக்கும்.

காலையில் போனேன். எப்போது போனாலும் "அந்தக் கட்டையில உக்காருடா" என்பான். அன்று உள்ளேயிருந்து நாற்காலி வந்தது. அதைத் துண்டால் துடைத்துப் போட்டான். டீ சாசரோடு வந்தது. அந்தப் பட்டறையில் சாசர் வெளி ஆளுக்குத்தான் வரும்.

"உக்காருங்க சார். வெயில்ல வந்திருக்கீக."

"டேய், அந்தக் கடைசல் மிஷின். அதை இன்னைக்குப் புதுசா வாங்கினா…"

"அதெல்லாம் பழசுங்க."

"பிளேனர் என்ன அருமையான…"

"சத்தந்தாங்க பெருசா வரும்."

"மரம்டா! அந்த மரம்!"

"செல்லரிச்சிருக்கும் சார். உள்ள பாக்கல."

நான் ஏற்ற ஏற்ற அவன் இறக்கினான். ஏற்றுவது, அவன் இறக்கிச் சொன்ன கையோடு செய்ய வேண்டிய காரியம். இரண்டு நாள் கழித்துச் செய்தால் துக்கம் விசாரிப்பது போல் ஆகிவிடுகிறது. டீயைக் குடித்து முடிப்பதற்குள் பட்டறையின் மொத்த மதிப்பு என் பட்டியலில் இருந்ததைவிடக் கீழே போய்விட்டது. இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால், எடுத்துக்கொண்டு போக எனக்குக் கூலி கொடுத்திருப்பான்.

கடைசியில் சொன்னான்: "வெள்ளிக்கெழம யாவாரி வாராரு சார், மரத்தைப் பாக்க. ஓட்டல்காரவுகளுக்கு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்க."

மரம் போனால் ஆர்டர் போயிற்று, கம்பெனி போயிற்று. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. அந்த நாற்காலியும் சாசரும்தான் பயமாக இருந்தன. ஆயுள் முழுக்க இனி அப்படித்தானா?

நேரே செக்காலைக்குப் போனேன். ஆடிட்டரம்மா நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "வேல்யூவருக்கு நேத்தே சொல்லிட்டேன் சார், வியாழக்கெழம வாராரு" என்றார். "அண்ணன்கிட்ட நான் பேசுறேன். யாவாரிக்கு விக்கிறதா இருந்தாலும் என்ன விலைன்னு தெரிஞ்சு வித்தா நல்லதுதானன்னா ஒத்துக்குவாரு. ஆனா ஒண்ணு. வேல்யூவர் பாக்கும்போது நீங்க ரெண்டு பேரும் உள்ள இருக்கக்கூடாது. நீங்க எதையாவது எழுதிருவீக. அண்ணன் எதையாவது சொல்லிருவாரு."

வியாழக்கிழமை பட்டறைக்கு எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், டீக்கடை பெஞ்சில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். நடுவில் ஒரு ஆள் உட்காரலாம். வேல்யூவர் மதுரையிலிருந்து வந்திருந்தார். ஒல்லியான மனிதர், கையில் டார்ச். தன் பையை என் வேனின் முன்பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனார். பிளேனரைப் போடச் சொல்லிக் காதைக் கொடுத்துக் கேட்டார். கடைசல் மிஷினைச் சுற்றி வந்தார்.

"பெல்ட்டப் பாக்கணும்" என்றான் நண்பன். டீ கிளாஸிடம் சொன்னான்.

நான் என் டீயை ஆற்றினேன்.

"போன மாசந்தான் மாத்துனது" என்றான் மறுபடி, சாலையைப் பார்த்து.

வேல்யூவர் மர அடுக்குக்கு வந்தார். தார்ப்பாயை ஒரு ஓரம் தூக்கி, மேலே கிடந்த சட்டங்களை டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு தார்ப்பாயை விட்டுவிட்டு வேனைப் பார்க்க நடந்தார்.

நண்பன் எழுந்தான். உட்கார்ந்தான். மறுபடி எழுந்தான்.

"டேய்!" என்றான்.

எனக்குக் கண் கரித்தது. டீக்கடைப் புகை.

"மேல கெடக்கிற நாலு சட்டத்தப் பாத்துட்டுப் போறான்டா அந்தாளு! அடியிலதான்டா உத்தரம் பூரா இருக்கு!"

"போய்ச் சொல்லுடா."

"நான் எப்படிடா போய்ச் சொல்லுவேன், என் மரத்த நானே?"

அது நியாயம்தான். அவன் எப்படிச் சொல்வான்? அதற்கென்று ஒரு ஆள் இருக்க வேண்டும். நான் கிளாஸை வைத்துவிட்டுச் சாலையைக் கடந்தேன்.

"ஓனருங்க யாரும் பேசக்கூடாதுன்னு மேடம் சொன்னாங்களே" என்றார் வேல்யூவர்.

"நான் ஓனர் இல்ல சார், எதிர்த்தரப்பு. இந்த மரத்துக்கு விலை ஏற ஏற என் பங்கு எறங்கும்."

அவர் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் தார்ப்பாயை இழுத்துக் கீழே தள்ளினேன்.

"இதைப் பாருங்க சார். பர்மாத் தேக்கு. இந்த நீளத்துல இன்னைக்கு எந்த மரக்கடையில கிடைக்கும்? ஒரு கணு இருக்கா? ஒரு வெடிப்பு இருக்கா? நூறு வருஷம் ஒரு வீட்டைத் தாங்கிட்டு வந்த மரம், நூல் பிடிச்ச மாதிரி நிக்குது பாருங்க. ஒக்கூர்ல இதைத் தூக்கினப்ப என் இடுப்புப் போச்சு சார். ஆறு பேர் தூக்கினோம்."

"சார், அடியில இருக்கிறதைப் பாக்காம போகமாட்டேன். டேப் வேன் மேல பையில இருக்கு. எடுக்கத்தான் போனேன்."

"எடுத்துட்டு வாங்க. நான் சொல்றதைச் சொல்லிர்றேன்" என்று, அவர் போன பிறகும் தொடர்ந்தேன். லாரிகள் போய்க்கொண்டிருந்ததால் தொண்டையை உயர்த்த வேண்டியிருந்தது. கடைசல் மிஷினின் கால்களைப் புகழ்ந்தேன். பிளேனரின் சத்தத்தைப் புகழ்ந்தேன். மிஷின்களைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது, ஆனால் சோப்பைப் பற்றியும்தான் எதுவும் தெரியாமல் எழுதினேன்.

சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "டேய், போதும்டா! அம்புட்டெல்லாம் இல்ல!"

"சும்மா இருடா! ஊரே பேசுது!" என்று நானும் கத்தினேன்.

டீக்கடைக்காரர் அடுப்பைவிட்டு வெளியே வந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வேல்யூவர் டேப்போடு திரும்பி வந்து, என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு உத்தரமாக அளக்க ஆரம்பித்தார். வெகுநேரம் அளந்தார்.

வெள்ளிக்கிழமை வியாபாரி வந்தார். நண்பன் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, "கம்பெனிக்குன்னு ஆகிப்போச்சுங்க" என்று அனுப்பிவிட்டான். டீ, சாசரோடு போனதைக் கவனித்தேன். எனக்கு அன்று வெறும் கிளாஸ்.

அறிக்கை வந்தது. எழுபதும் முப்பதும் இடம் மாறியது மட்டுமில்லை, அவன் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளியே நின்றது. வேன், நான் எழுதியதில் கால்வாசி பெற்றது. நாற்காலிகளை அவர் குறிப்பிடவே இல்லை. இருவரும் செக்காலைக்குப் போய், பட்டறையைக் கம்பெனிக்குக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டோம். ஆடிட்டரம்மா கம்ப்யூட்டரைத் திருப்பி, கணக்கில் ஏற்றுவதைக் காட்டினார். என் ரொக்கம் முன்பே தனியாக ஏறியிருந்தது. மிஷின்கள் பற்று, வாகனம் பற்று, மரச் சரக்கு பற்று. எதிரே பங்கு மூலதனம் வரவு. நண்பன் குனிந்து பார்த்து, "இம்புட்டுத்தானா? நாலு வரிக்கா இந்தப் பாடு?" என்றான். பிறகு, "சீக்கிரம் வாடா, வண்டிய நெழல்ல நிப்பாட்டல" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிப் போனான்.

நான் கொஞ்சம் தங்கினேன். மனது நிறைவாக இருந்தது. அந்த நிறைவை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"ஏதோ நம்மால ஆனது மேடம்" என்றேன். "நட்புன்னு வந்துட்டா, என் பங்குல பாதிக்கு மேல விட்டுக்கொடுத்தது எனக்கு ஒண்ணும் பெருசாத் தெரியல."

ஆடிட்டரம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"விட்டுக்கொடுக்கணும்னா மொதல்ல அது உங்களுதா இருந்திருக்கணும் சார்" என்றார்.